தரகர் காதுக்குப் போன குரல்

வெள்ளப்பாறையில் கயிற்றுக்கடை நாகஜோதி வாயைத் திறந்து எது பேசினாலும், அது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற அவள் மகள் கனிஷ்காவுக்குக் கேட்காது, ஊரின் அந்தக் கோடியில் பஜாரில் நிற்கிற மாட்டுத்தரகர் சடையப்பனுக்குக் கேட்கும் என்பது இன்றைக்கு அந்தத் தடத்தில் ஓடுகிற பஸ் கண்டக்டருக்குக்கூடத் தெரிந்த சங்கதி. மழை பெய்தால் சந்தை நனையும் என்பதுபோல அதையும் ஒரு நடப்பாக எடுத்துக்கொண்டுவிட்டார்கள், வெளியூர்க்காரர் யாராவது அதெப்படி என்று வாயைப் பிளந்தால் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டீயை ஆற்றிக் குடிக்கிறார்கள்.

நாகஜோதி சந்தையின் ஓரத்தில் தார்ப்பாய் கட்டி மூக்கணாங்கயிறும் தாம்புக்கயிறும் சலங்கையும் விற்கிறவள். புருஷன் திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கென்று போனவன், போனவன்தான். மகள் கனிஷ்கா நடக்கத் தொடங்கிய வயதிலேயே வாயாடி, கடைக்கு வருகிற மாடுகளையெல்லாம் பேர் வைத்துக் கூப்பிட்டவள், ஒரு ஐப்பசி மாதத்தில் வந்த மூளைக்காய்ச்சல் அவள் உயிரை விட்டுவிட்டுக் காதை எடுத்துக்கொண்டு போனது, காது போன கொஞ்ச நாளில் பேச்சும் வாடி உதிர்ந்தது. உள்ளே ஒரு கருவியை வைத்துத் தைத்து வெளியே காதோரம் ஒரு மெஷினை மாட்டினால் கேட்கும் என்று தெரிந்துகொள்வதற்கே நாகஜோதிக்கு வருஷங்கள் ஆயின. தெரிந்துகொண்டு ஓடினால், அரசாங்கத் திட்டத்தில் சேர்க்கப் பிள்ளைக்கு வயது தாண்டிவிட்டது என்றார்கள், நகரத்துத் தனியார் ஆஸ்பத்திரியில் ஒரு தொகை சொன்னார்கள், அந்தத் தொகைக்குக் கயிறு திரித்தால் கயிறு நிலா வரைக்கும் போய்த் திரும்பும் என்று கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டு அவள் பேசாமல் வந்து கடையில் உட்கார்ந்துவிட்டாள்.

அவளை அப்படிப் பார்க்கச் சகிக்காமல் போனது தரகர் சடையப்பனுக்குத்தான். சடையப்பனைப் பற்றிச் சொல்ல வேண்டுமானால், அவரை அஞ்சாவதுக்கு மேல் பள்ளிக்கூடம் வைத்துக்கொள்ளவில்லை, சந்தைதான் வைத்துக்கொண்டது. சாணி அள்ளி, லாரிக்காரனிடம் அறை வாங்கி, குருட்டுக் காளையை நல்ல காளையென்று தலையில் கட்டியவனைத் தேடிக்கொண்டு மூன்று தாலுகா அலைந்து, ஏமாந்து ஏமாந்தே ஏமாற்றத் தெரிந்துகொண்டு, ஏமாற்றாமல் பிழைக்கவும் தெரிந்துகொண்டு மேலே வந்த மனிதர். கோபம் வந்தால் எதிரில் இருப்பது ஆளா வாளியா என்று பார்க்க மாட்டார், உதைத்துவிடுவார். ஆனால் தோளில் கிடக்கும் துண்டை எடுத்து விரித்தாரென்றால் கோபமெல்லாம் எங்கேயோ போய்விடும். துண்டுக்கு அடியில், விரலுக்கு இவ்வளவு என்கிற கணக்கில், விற்கிறவன் விரலை ஒரு தடவை பிடிப்பார், வாங்குகிறவன் விரலை ஒரு தடவை பிடிப்பார், இவன் என்ன கேட்டான், அவன் என்ன கொடுத்தான் என்பது அந்த இருவருக்குமே தெரியாது, நடுவில் நிற்பது தரகருடையது. அதை யாரும் கேட்பதில்லை, யாரும் சொல்வதில்லை. கேட்கிறவன் சந்தைக்குப் புதுசு என்று அர்த்தம்.

இந்தச் சடையப்பன் தன் போனைத் தூக்கிக்கொண்டு போய்க் கனிஷ்காவைக் கயிற்றுக் குவியலின் மேல் உட்காரவைத்து வீடியோ எடுத்தார், மாட்டின் சுழியையும் பல்லையும் சொல்லி விலை ஏற்றுகிற அதே கரகரத்த தொண்டையில், இந்தப் பிள்ளை அழகைப் பாருங்கள், அறிவைப் பாருங்கள் என்று ஆரம்பித்து, கடைசியில் அவரே எதிர்பார்க்காமல், "இதுக்கு வேற ஒண்ணும் வேணாம்யா, ஆத்தா குரல் கேக்கணும், அம்புட்டுத்தான்" என்றார். நாகஜோதியின் வங்கிக் கணக்கு வரவு செலவு இல்லாமல் முடங்கிக் கிடந்ததால் தன்னுடைய கணக்குக்குப் பணம் போடுகிற கட்டம்கட்டமான படத்தை வீடியோவுக்குக் கீழே போட்டுவிட்டார். அது போனுக்குப் போன் தாவி, கடல் தாண்டி, துபாயில் கட்டடம் கட்டுகிறவனையும் மலேசியாவில் இட்லிக்கடை வைத்திருக்கிறவளையும் அழவைத்துவிட்டு, பணமாகத் திரும்பி வந்தது. போன் கிணுங்கிக்கொண்டே இருந்தது, சந்தை நாளில் மாட்டுச் சலங்கை கிணுங்குகிற மாதிரி, ஆஸ்பத்திரிக்காரர்கள் கேட்ட தொகை சேரும் வரைக்கும் ஓயவில்லை.

பிறகு சடையப்பன் ஆஸ்பத்திரிக்குப் போனார். பில் போடுகிற அறையில் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த மேனேஜரிடம், பழக்கதோஷத்தில் துண்டை விரித்துக் கையை நீட்டிவிட்டார், அந்த ஆளும் என்னமோ ஏதோவென்று கையை உள்ளே விட்டுவிட்டு வெளியே எடுக்கத் தெரியாமல் முழித்தார். சும்மா சொல்லக் கூடாது, அன்றைக்குச் சடையப்பன் பேசின பேரம் அவர் ஆயுசிலேயே இல்லாத பேரம். அறை வாடகையைக் குறைத்தார், மருந்தில் குறைத்தார், காது ஆபரேஷனுக்குக் காலுக்கு எதற்குய்யா எக்ஸ்ரே என்று சத்தம் போட்டு அதை அடித்தார், கும்பிட்டார், மிரட்டினார், பெரிய டாக்டர் காரில் ஏறும்போது கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார், கடைசியில் முதலில் சொன்ன தொகையில் நல்ல ஒரு பங்கு இறங்கிவிட்டது. இறங்கினது எங்கே போகும்? கேட்ட விலைக்கும் முடித்த விலைக்கும் நடுவில் நிற்பது யாருடையதோ அவர் கணக்கிலேயே நின்றது. அதில் அவர் கன்றுக்குட்டி ஏற்றுகிற மாதிரி ஒரு பழைய லோடு ஆட்டோ வாங்கினார், மாலை போட்டார், சந்தைக்கே சுண்டல் கொடுத்தார், அதில் ஒரு பொட்டலத்தை நாகஜோதியும் வாங்கித் தின்றாள். மறைத்தோம் என்று அவர் நினைக்கவில்லை. சொல்ல வேண்டும் என்றும் நினைக்கவில்லை.

ஆபரேஷன் முடிந்து, புண் ஆறி, மெஷினை முடுக்குகிற நாள் வந்தது. பயிற்சி கொடுக்கிற டீச்சரம்மா கையைத் தட்டினாள், கனிஷ்கா திரும்பினாள். சாவிக்கொத்தை ஆட்டினாள், திரும்பினாள். வெளியே காக்கை கத்தியதற்குப் பிள்ளை பயந்து சிரித்தது. இப்போது நீங்கள் கூப்பிடுங்கள் என்றாள் டீச்சரம்மா. நாகஜோதி அத்தனை வருஷமும் தொண்டைக்குள் கட்டிவைத்திருந்ததை அவிழ்த்துவிட்டுக் கூப்பிட்டாள், பிள்ளை மின்விசிறிச் சத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. மறுபடியும் கூப்பிட்டாள், காதுக்குப் பக்கத்தில் போய்க் கூப்பிட்டாள், அழுதுகொண்டு கூப்பிட்டாள். மெஷினைக் கழற்றி மாட்டினார்கள், கூட்டினார்கள், குறைத்தார்கள், ஆயாவின் குரல் கேட்டது, வாட்ச்மேன் குரல் கேட்டது, அடுத்த அறையில் எவனோ தும்மியது கேட்டது.

அதே நேரம் சந்தையில் ஒரு ஜோடி காளைக்குத் துண்டுக்கடியில் விரல் பிடித்துக்கொண்டிருந்த சடையப்பனின் காதுக்குள், "கனி... கண்ணு... அம்மாடா" என்று ஒரு குரல் வந்து உட்கார்ந்தது. அவர் திடுக்கிட்டுப் பிடிக்க வேண்டிய விரலை விட்டு வேறொரு விரலைப் பிடித்துவிட, வாங்குகிறவன் சிரித்துக்கொண்டே காளைகளை அவிழ்த்துக்கொண்டு போய்விட்டான். துண்டு விரிக்கிற தரகரான பிறகு அவர் முதல்முதலாக ஒரு வியாபாரத்தில் கைநஷ்டப்பட்டது அன்றைக்குத்தான்.

அவர் காதைக் குடைந்தார், பஞ்சு வைத்தார், பஞ்சையும் தாண்டி அவள் வெங்காயம் விலை கேட்கிறாள், பல் தேய்க்கச் சொல்லிப் பிள்ளையிடம் மன்றாடுகிறாள், கயிற்று முடிச்சோடு சண்டை போடுகிறாள். பொறுக்க முடியாமல் கடைக்கு வந்து, ஏம்மா நாள் பூரா என் காதுக்குள்ளேயே பேசுற என்று அவர் கத்த, அவள் ஒன்றும் புரியாமல் பார்த்துவிட்டு, எழுந்து பம்ப்செட் ரூமுக்குப் பின்னால் போய்ச் சுவரைப் பார்த்து வாய்க்குள் ஏதோ முணுமுணுத்துவிட்டு வந்தாள். சடையப்பன் அதை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னார். கூட்டம் கூடிவிட்டது. அவளை ஆட்டோவில் ஏற்றி ஏரிக்கரைக்கு அனுப்பிப் பேசச் சொன்னார்கள், அதையும் சொன்னார். எல்லோருக்கும் ஒரே குஷி. எதனால் என்று யாரும் கேட்கவில்லை, இன்னொரு தரகரான காதர் பாய் மட்டும் வெற்றிலையைத் துப்பிவிட்டுச் சடையப்பனைத் தனியே இழுத்துப் போய்ச் சொன்னார்.

"பிள்ளை காசுல தரகு போன பக்கம் சரக்குலயும் கொஞ்சம் கூடவே போயிருச்சு மாப்ள."

சடையப்பன் அவர் சட்டையைப் பிடித்தார். பிடித்த கை தானாக விட்டுவிட்டது. ஏனென்றால் அது அவருக்கு முதல் நாளே தெரியும்.

ஊர் அதற்குள் இந்த அதிசயத்துக்கு வேலை கொடுத்துவிட்டது. சந்தையில் யாருக்காவது பஜாரில் இருக்கிற ஆளிடம் சேதி சொல்ல வேண்டுமானால் போனில் காசைக் கரைக்காமல் நாகஜோதி கடையில் போய்ச் சொன்னார்கள், அவள் அதைத் திருப்பிச் சொன்னாள், பஜாரில் நிற்கிற சடையப்பன் காதில் அது விழுந்தது, அவரும் முனகிக்கொண்டே போய்ச் சொல்லிவிட்டு வந்தார். பேரத்தின் நடுவில் அவர் தலை லேசாகச் சாய்ந்தால், ஆத்தா கூப்புடுதுப்பா, கொஞ்சம் இரு என்று வாங்குகிறவனே துண்டை விட்டுக் கையை எடுத்துப் பீடி பற்றவைத்துக்கொண்டான். டீக்கடையில் இரண்டு கட்சி உண்டானது. அந்த மனுஷன் வாயால் இறக்கின காசு அந்த மனுஷனுக்குத்தானே, இவர் இல்லாவிட்டால் பிள்ளைக்குக் காக்கா சத்தம்கூடக் கிடையாதே என்றது ஒரு கட்சி. கொடுத்தவன் காதுக்குக் கொடுத்தானா ஆட்டோவுக்குக் கொடுத்தானா என்றது இன்னொன்று. இரண்டு கட்சியும் சடையப்பன் வந்தால் நகர்ந்து இடம் கொடுத்தன, அவருக்கு அதுதான் பொறுக்கவில்லை.

ஆட்டோவை விற்றார். வெள்ளப்பாறைச் சந்தையில் சடையப்பன் ஒரு பொருளை வாங்க வந்தவன் கேட்ட விலைக்குக் கொடுத்தது அன்றைக்குத்தான். குறைந்ததைச் சொந்தக் கையிலிருந்து போட்டு, ஆஸ்பத்திரிக் காசுல மிஞ்சினது இதுதாம்மா என்று முழுசாக நாகஜோதியிடம் கொண்டுபோய் நீட்டினார். அவள் கண்ணில் ஒற்றிக்கொண்டு வாங்கி, பயிற்சி வகுப்புக்குக் கட்டினாள். பிள்ளைக்கு ஒரு மாற்றமும் இல்லை. அவளுடைய "நல்லாருங்கண்ணே" மட்டும் அவருக்கு இரண்டு தடவை கேட்டது, வெளியிலிருந்து ஒரு தடவை, உள்ளேயிருந்து ஒரு தடவை.

கோர்ட்டுக்கு எதிரில் மாடியில் இருந்த வக்கீல் எஸ்தரிடம் போனார். அவள் எல்லாவற்றையும் கேட்டாள், குரல் விஷயத்தைக்கூட வியக்காமல் கேட்டுக்கொண்டாள், அது என் பிரிவில் வராது என்றாள், பணத்தைப் பற்றி மட்டும் சொன்னாள்.

"இது தரகு இல்லீங்கய்யா. மாட்டை விக்கிறவனுக்கும் வாங்குறவனுக்கும் நடுவுல நீங்க எடுப்பீங்கன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். இதுல பணம் போட்டவனுக்குத் தெரியாது. ஒரு காரியத்துக்குன்னு நம்பிக் குடுத்ததுல மிஞ்சினா, அது குடுத்தவனோடது. வச்சுக்கிட்டா நம்பிக்கை மோசடி. அந்தம்மாகிட்ட குடுத்துட்டாலும், குடுத்தவங்களைக் கேக்காம குடுத்திருக்கீங்க."

"அப்ப நான் அலைஞ்ச அலைச்சலுக்குக் கூலியே கிடையாதா?"

"கேட்டு வாங்கலாமே. இம்புட்டு எனக்குன்னு வீடியோவுலயே சொல்லியிருக்கணும்."

"சொன்னா எவன் போடுவான்?"

எஸ்தர் பேனாவை மூடி வைத்தாள். சடையப்பன் மாடிப்படியில் இறங்கும்போது கைப்பிடியை ஒரு உதை உதைத்தார், அது இரும்பு, கால் வீங்கிக்கொண்டது.

வீங்கின காலோடு அவர் கொடுத்தவர்களைத் தேடினார். சித்தப்பா மகனிடம் கடன் வாங்கி, மிஞ்சின பங்கை மறுபடியும் சேர்த்துவைத்துக்கொண்டு, யார் யாரென்று பார்த்தால் பாதிப் பேர் 'நலம் விரும்பி', மீதிப் பேர் ஒரு பேரும் நாலு எண்ணும். சிலருக்குத் திருப்பி அனுப்பினார், அனுப்பினது அனுப்பின வேகத்தில் அவரிடமே வந்து நின்றது, அந்தக் கணக்கு இப்போது இல்லையாம். எண் கிடைத்தவர்களைப் போனில் கூப்பிட்டார்; மலேசியா இட்லிக்கடைக்காரி, பெட்ரோலுக்கு வச்சுக்குங்கண்ணே என்று சிரித்தாள். கோயம்புத்தூர்க்காரன் ஒருத்தன் அவருடைய அம்மாவையெல்லாம் இழுத்துத் திட்டினான்; வேறு நாளாயிருந்தால் போனுக்குள் கையை விட்டு அவன் பல்லைக் கழற்றியிருப்பார், அன்றைக்குத் தலையைக் குனிந்துகொண்டு கடைசி வார்த்தை வரைக்கும் கேட்டார், மழையில் நிற்கிற மாடு மாதிரி அவருக்கு அது இதமாக இருந்தது. இன்னொரு எண்ணில் ஒரு பெண் எடுத்தாள், பணம் போட்ட அவள் புருஷன் இறந்துபோய்விட்டார், சாகிற வரைக்கும் அந்தக் கயிற்றின் மேல் உட்கார்ந்திருந்த பிள்ளையைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார் என்று சொல்லிவிட்டு, "பிள்ளைக்கு அவங்கம்மா குரல் கேக்குதுங்களா?" என்று கேட்டாள். கிழட்டுப் பசுவுக்கு மூன்று வயதைக் குறைத்துச் சொல்லி விற்ற வாய் அது. அந்த வாய், "மத்ததெல்லாம் கேக்குதும்மா" என்றது.

போலீஸ் ஸ்டேஷனுக்கும் போனார். தன்மேல் தானே புகார் கொடுக்க வந்திருப்பதாகச் சொன்னார். இன்ஸ்பெக்டர் அவரை உட்காரச் சொல்லி, தன் மாமனாருக்கு ஒரு கறவை மாடு பார்த்துக் கொடுக்க முடியுமா என்று விசாரித்துவிட்டு, பாதிக்கப்பட்டவர்கள் யாராவது இருந்தால் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று அனுப்பினார். சடையப்பன் நாகஜோதியிடம் வந்து, தயவு பண்ணி என்மேல் ஒரு புகார் எழுதிக் கொடும்மா, உள்ளே போய் இருந்துவிட்டு வந்தாலாவது இது தீருமா பார்க்கலாம் என்று கெஞ்சினார்.

"நீங்க இல்லேன்னா இது இன்னும் கல்லு மாதிரி உக்காந்திருக்கும்ணே," என்றாள் அவள். "ஒங்கமேல எழுதுனா எங்கையி அழுகிப்போகும்."

அவள் திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். அவளால் திட்டவும் முடியாது, அதுதான் யாருக்கும் புரியாத விஷயம். கதவைச் சாத்திக்கொண்டு சாமி படத்துக்கு முன்னால் நின்று, இப்படிப் பண்ணிட்டானே பாவி என்று ஒரு வார்த்தை வயிறெரிந்து சொல்ல நினைத்தாலும் அது அவர் காதுக்குத்தான் போகும் என்று அவளுக்குத் தெரியும். அவள் வாயைத் திறக்கிற இடத்திலெல்லாம் அவர் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாக அவள் பேச்சைக் குறைத்தாள், சாமியிடம் பேசுவதை நிறுத்தினாள், கயிற்று முடிச்சோடு சண்டை போடுவதை நிறுத்தினாள். சடையப்பன் காது அமைதியானது, அந்த அமைதி மாட்டுக் கொட்டகையில் திருட்டுப்போன மறுநாள் இருக்குமே, அந்த மாதிரி இருந்தது.

டீச்சரம்மாதான் ஒரு வழி சொன்னாள். மெஷின் மாட்டின பிள்ளைக்கு வீட்டுப் பேச்சு காதில் விழுந்துகொண்டே இருந்தால்தான் பேச்சு வரும், இல்லாவிட்டால் வைத்த கருவியும் வீண், யாருடைய குரலாக இருந்தாலும் சரி என்றாள். அதனால் அம்மா பேச்சு போய்ச் சேர்கிற ஆளே அதைப் பிள்ளைக்குத் திருப்பிச் சொல்லட்டும் என்று, சந்தை இல்லாத நாளெல்லாம் சடையப்பன் கயிற்றுக்கடையில் வந்து உட்காருவது என்று ஏற்பாடானது. நாகஜோதி ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள். "நான் சொல்றத அப்படியே சொல்லுங்கண்ணே. கூட்டவும் வேணாம், கொறைக்கவும் வேணாம்." சடையப்பன் தலையாட்டினார்.

அவள் மகளின் தலையைச் சீவிக்கொண்டே, ஆடாம இருடி செல்லம், சிக்கு எடுக்கணும்ல என்பாள். சடையப்பன் எதிரில் உட்கார்ந்து, மாட்டை அதட்டியே கெட்டுப்போன தொண்டையில், ஆடாம இருடி செல்லம், சிக்கு எடுக்கணும்ல என்பார். அவள் நிலாவைக் காட்டிச் சோறூட்டுகிற பாட்டைப் பாடுவாள், அவர் அதை ராகமில்லாமல் ஏலம் விடுகிற மாதிரி பாடுவார். வேடிக்கை பார்க்க வந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், பிறகு சிரிப்பதையும் நிறுத்திவிட்டுக் கயிறு வாங்கிக்கொண்டு போனார்கள். பிள்ளை முதலில் மாடு என்றது. பிறகு தண்ணி என்றது. பிறகு ஒரு சந்தை நாளில் கடையை முட்ட வந்த கிடாயைப் பார்த்து, "ஏய், தள்ளுறா சனியனே" என்று சடையப்பனின் அதே தொண்டையில் அதட்டியது, சந்தையே கைதட்டியது, நாகஜோதியும் சேர்ந்து சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு அவள் மகளின் தோளைத் தொட்டு, தன் நெஞ்சில் கையை வைத்து, நான் யார் என்று சைகையில் கேட்டாள். பிள்ளைக்குத் தெரியும், கட்டிக்கொண்டது. ஆனால் அந்த வார்த்தை மட்டும் வரவில்லை.

அது வந்தது மாசி மாதத்து ஒரு மத்தியானம். நாகஜோதி கயிறு திரித்துக்கொண்டிருந்தாள், திரித்துக்கொண்டே, அம்மாகிட்ட வா கண்ணு, பசிக்குதா, அம்மா மடில படுத்துக்கிறியா என்று சும்மா சொல்லிக்கொண்டிருந்தாள், சடையப்பன் வெயிலில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, அம்மாகிட்ட வா கண்ணு, பசிக்குதா, அம்மா மடில படுத்துக்கிறியா என்று சொல்லிக்கொண்டிருந்தார். கனிஷ்கா விளையாடிக்கொண்டிருந்த சலங்கையைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தாள், வந்து, அம்மாவைத் தாண்டி, சடையப்பனின் மடியில் ஏறி உட்கார்ந்தாள். சத்தம் எங்கேயிருந்து வருகிறது என்று டீச்சரம்மா சொல்லிக்கொடுத்த மாதிரி அவர் தொண்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்து, தெளிவாக, ஒரு பிசிறும் இல்லாமல், "அம்மா" என்றாள்.

திரிந்துகொண்டிருந்த கயிறு நின்றது.

சடையப்பன் தலையை நிமிர்த்தவில்லை. பிள்ளையை இறக்கிவிட அவர் கையைத் தூக்கினார், அது பாதியில் நின்றுவிட்டது, அத்தனை பேரம் பேசின கைக்கு இதற்கு எந்த விரலைப் பிடிப்பதென்று தெரியவில்லை. பிள்ளைக்குப் பின்னால் இருந்த நாகஜோதியிடமிருந்து அவர் காதுக்குள் வந்தது வார்த்தை இல்லை, வேறொன்று, முதலில் மூச்சு அடைக்கிற மாதிரி, பிறகு வாயில் முந்தானையைத் திணித்துக்கொண்டும் நிற்காமல், அத்தனை மாதமும் சாமியிடம்கூடச் சொல்லாமல் வைத்திருந்தது மொத்தமும் அழுகையாக வந்துகொண்டிருந்தது.

பிள்ளை அவர் தொண்டையிலிருந்து கையை எடுக்காமல், அம்மா என்ன சொன்னாள் என்று அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தது.

கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம் என்றுதான் பேச்சு. சடையப்பன் வாயைத் திறந்தார். அவர் வாயிலிருந்து வந்த அழுகையைப் பார்த்துப் பிள்ளை பயந்துபோய்க் கையை எடுத்தது. அந்த அழுகையில் அவளுடையது எவ்வளவு, தனக்கென்று எடுத்துக்கொண்டது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை.